ஆடி மாதத்துக் கட்டணம்

2020 நவம்பர் 18 முதல் 21 வரையிலான நான்கு நாட்களைப் பற்றி யாராவது ஒரு முழுப் புத்தகம் எழுத வேண்டும் என்று நினைப்பேன். கொரோனா காலம். சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் மருத்துவக் கலந்தாய்வு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்திருந்தது. 313 எம்.பி.பி.எஸ். இடங்கள், 92 பி.டி.எஸ். இடங்கள், மொத்தம் 405. அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் இருந்து மருத்துவத்துக்குப் போனவர்கள் ஆறு பேர். ஆறு எங்கே, 405 எங்கே! கூலி வேலை செய்யும் அப்பாவும் முகக்கவசம் போட்ட பிள்ளையுமாக அரங்கத்து வாசலில் நின்று பேட்டி கொடுத்ததை அந்த நாட்களில் எல்லாத் தொலைக்காட்சியிலும் பார்த்தோம்.

அடுத்த நாளே வேறு மாதிரியான பேட்டிகள் வரத் தொடங்கின. அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்ததும் தரவரிசையில் பின்னால் இருந்தவர்களுக்குத் தனியார் கல்லூரிகள்தான் மிச்சம். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 13,610 ரூபாய். தனியாரில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே 4 லட்சத்தை ஒட்டி வரும். விடுதி, சாப்பாடு தனி. கையில் இருந்த ஆணையைப் பார்த்துவிட்டு, "வேணாம் சார், கட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் ஊருக்கு பஸ் ஏறினார்கள். நவம்பர் 21 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். போஸ்ட் மெட்ரிக் போன்ற உதவித்தொகைகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல்நிதி வைத்து, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே நேரடியாகக் கல்லூரிக்கு உடனே செலுத்தும் என்றார். கட்டணத்தைத் தாங்கள் ஏற்பதாக தி.மு.க.வும் அதே நாளில் அறிவித்தது. அதற்குள் சீட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களில் சிலர் பிறகு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது 'உடனே' என்கிற சொல். சட்டம் செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துப் போடத் தாமதித்ததால் அக்டோபர் 29 அன்று அரசாணை வெளியிட்டார்கள், மறுநாள் ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். ஒன்றரை மாதம் மாநிலமே இதைப் பற்றிப் பேசியது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் சொன்னது, அமைச்சரவை 7.5 ஆக்கியது, எல்லாம் விவாதிக்கப்பட்டது. சீட்டு கிடைத்த பிள்ளை முதல் நாள் கல்லூரி கவுன்டரில் என்ன கொடுக்கும் என்கிற கேள்வி மட்டும் கலந்தாய்வு தொடங்கிய பிறகுதான் எழுந்தது. அது புதிய கேள்வியா என்றால் இல்லை. நம்மூரில் உதவித்தொகை என்ற ஒன்று வந்த நாளில் இருந்து கூடவே வரும் கேள்வி.

கொஞ்சம் பின்னால் போவோம். அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் என்பது தெரிந்த கதை. மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகள். படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இலவசம் என்று எதுவும் இல்லை, சரி. ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் வந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் 1942-இல் உறுப்பினரானதும் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்குத் தனி நிதி வேண்டும் என்று அவர் வாதாடியதன் பலன்தான் 1944-இல் தொடங்கிய, இன்று நாம் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று சொல்லும் திட்டம். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாயில் தொடங்கியது. எண்பது ஆண்டுகள் கடந்தும் நடக்கும் திட்டம் இந்த நாட்டில் அதிகம் இல்லை.

திட்டம் வளர வளர அதன் பணம் வந்து சேரும் பாதையும் நீண்டுகொண்டே போனது. மத்திய அரசு, மாநில அரசு, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம், கல்லூரி அலுவலகம், கடைசியில் மாணவர். ஜூலையில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கான உதவித்தொகை பிப்ரவரியில், மார்ச்சில் வரும், சில ஆண்டுகள் அடுத்த கல்வியாண்டில் வரும். இடையில் அந்த மாணவர் கல்லூரியின் கணக்கில் கடன்காரர். ஹால் டிக்கெட் கேட்டால் "டியூஸ் முடிச்சிட்டு வா" என்பார்கள். "ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடுறோம் சார்" என்ற வாக்கியத்தைச் சொல்லாமல் பட்டம் வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எங்கள் பக்கத்தில் குறைவு.

எங்கள் பக்கம் என்றால் செந்துறை வட்டம். இப்போது அரியலூர் மாவட்டம். இந்த 'இப்போது' முக்கியம். நான் பிறந்தபோது இது திருச்சி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் மாவட்டமானது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. எங்கள் வீட்டுச் சான்றிதழ்களில் மூன்று மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. "நாங்க எங்கியும் போகலை, மாவட்டந்தான் வந்து வந்து போச்சு" என்பார் அப்பா. கல்லூரிக்கு என்று பார்த்தால் 1965-இல் அரியலூரில் அரசு கலைக் கல்லூரி வந்தது. அதற்கு முன் திருச்சி, இல்லையென்றால் கும்பகோணம், சிதம்பரம். அரியலூருக்காவது ரயில் உண்டு. பெரம்பலூர் ஊருக்கு இன்றுவரை ரயில் கிடையாது.

மண்ணையும் சொல்ல வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். எங்கள் பக்கம் முந்திரி. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும். பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. முந்திரிக்கொட்டைக் காசு பங்குனி, சித்திரையில் வரும், வைகாசியில் கடனை அடைத்து ஒரு காதுகுத்து, ஒரு கல்யாணம் செய்ததோடு தீரும். மக்காச்சோளம் மழைக்கு விதைத்து மார்கழி, தையில் அறுப்பது. ஆனியும் ஆடியும்தான் வீட்டில் ஒன்றும் இல்லாத மாதங்கள். ஆடியில் விதைக்கே கடன் வாங்க வேண்டும். கல்லூரிச் சேர்க்கை சரியாக அந்த நேரத்தில்தான் வரும். இந்தப் பஞ்சாங்கப் பொருத்தத்தைக் கவனத்தில் வைத்து எந்தக் கல்வித் திட்டத்தையாவது யாராவது வகுத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்த பிறகு கட்டணம் என்பதன் அளவே மாறியது. 1993-இல் உச்ச நீதிமன்றத்தின் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பு 'ஃப்ரீ சீட்', 'பேமென்ட் சீட்' என்று இரண்டாகப் பிரித்தது. அந்தச் சொற்கள் எங்கள் டீக்கடை வரை வந்தன. "பையனுக்கு ஃப்ரீ சீட்டா, பேமெண்டா?" ஃப்ரீ சீட்டிலும் பணம் கட்ட வேண்டும் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். 2006-இல் இயற்றிய சட்டத்தால் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்தது. 2007-இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. கோச்சிங் போகாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போகலாம் என்றானது. அந்தப் பத்தாண்டுகள் எங்களைப் போன்ற வட்டங்களுக்கு என்னவாக இருந்தன என்பதைச் சென்னைக்காரர்களுக்கு விளக்குவது சிரமம்.

நான் பிளஸ் டூ முடித்தது 2010. அந்த ஆண்டுதான் கலைஞர் அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகையைக் கொண்டுவந்தது. சுயநிதிக் கல்லூரியில் கவுன்சிலிங் சீட்டுக்கு அன்று 32,500 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 40,000. அதில் 20,000 ரூபாயை அரசு ஏற்கும். சாதி வரம்பு இல்லை, வருமான வரம்பும் இல்லை. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு குடும்பத்தின் ஏழ்மையைப் பணத்தால் அளக்காமல் பட்டத்தால் அளந்த திட்டம் அது. எனக்குத் தெரிந்த அரசுத் திட்டங்களில் யோசனை என்ற அளவில் இதுதான் சிறந்தது.

அதன் படிவத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், தம்பி எல்லோரின் பெயரையும் எழுதி எதிரே கல்வித் தகுதியை நிரப்ப வேண்டும். வி.ஏ.ஓ. கையெழுத்து, ஆர்.ஐ. கையெழுத்து, பிறகு தாசில்தார். எங்கள் வீட்டுப் படிவத்தில் மேலிருந்து கீழே வரிசையாக 'படிக்கவில்லை', 'படிக்கவில்லை', 'மூன்றாம் வகுப்பு', 'ஐந்தாம் வகுப்பு'. "படிக்காததுக்கு மார்க் போடுறாங்கப்பா" என்று அப்பா சிரித்தார்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. குடும்பத்துக்கு ஒருவர்தான். நான் வாங்கிவிட்டால் எனக்கு இரண்டு வயது இளைய தம்பிக்குக் கிடையாது. அப்பாயி தெளிவாகச் சொன்னது: "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு, பயலுக்கு வச்சுக்கங்க." வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. இதே பேச்சு அந்த ஆடியில் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும், எத்தனை அக்காக்கள் அந்தச் சான்றிதழைத் தம்பிக்காக விட்டுவிட்டு பி.ஏ.வோ டீச்சர் டிரெய்னிங்கோ போனார்கள் என்பதற்கு எந்த அரசுப் பதிவேட்டிலும் கணக்கு இருக்காது. எங்கள் வீட்டில் அப்பா ஒரே வரியில் முடித்தார்: "மொதல்ல படிக்கிறவதான் மொதப் பட்டதாரி."

நான் சேர்ந்த கல்லூரியின் பெயர் வேண்டாம். சலுகை ஆணையைக் காட்டியபோது கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கவர்ன்மென்ட் காசு வந்ததும் திருப்பித் தருவோம்மா, இப்ப முழுசா கட்டிடுங்க." 20,000 ரூபாய் சலுகை பெற்ற நாங்கள் முழுத் தொகையையும் கட்டினோம். அம்மாவின் தோடு போனது. சலுகைப் பணம் ஒன்றரை ஆண்டு கழித்து பஸ் கட்டணத்தில் கழிக்கப்பட்டது. தோடு அடகுக் கடையிலேயே முழுகிப்போனது. எங்கள் வகுப்பில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதே கதைதான் என்பதால் யாரும் இதைக் கதையாகச் சொல்லவில்லை.

2012 செப்டம்பரில் அ.தி.மு.க. அரசு அரசாணை 92-ஐ வெளியிட்டது. பட்டியல் சாதி, பழங்குடி, கிறித்துவ ஆதிதிராவிட மாணவர்கள், ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்தால், சுயநிதிக் கல்லூரியிலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும். எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்ளும் அளவுக்கு, 'தொண்ணூத்தி ரெண்டு' என்பது சேரிகளில் ஒரு மந்திரம் போலப் புழங்கியது. பொறியியல் கல்லூரி வாசலையே பார்த்திராத தெருக்களில் இருந்து பிள்ளைகள் போனார்கள். அங்கும் பணம் தாமதமானது, கல்லூரிகள் மாணவர்களை நெருக்கின, போராட்டங்கள் நடந்தன, பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கான சலுகையில் அரசு கை வைத்தது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை போஸ்ட் மெட்ரிக் செலவை மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பகிர முடிவெடுத்தபோது, மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகும் என்றும் சொன்னார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வரும் நாளுக்கும் கல்லூரி கேட்கும் நாளுக்கும் இடையே என்ன செய்வது என்பதற்குப் பதில் அதிலும் இல்லை.

தம்பிக்கு வருகிறேன். 2012-இல் அவனுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, காரணம் நான். மிச்சம் இருந்தது கல்விக் கடன். 2001-இல் வந்த மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடு எதுவும் கேட்கக் கூடாது. அந்தக் காலத்தில் நாட்டிலேயே அதிகமாகக் கல்விக் கடன் வாங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது கடன் மேளாக்கள் எல்லாம் நடந்தன. மேடையில் காசோலை கொடுப்பது ஒரு விஷயம், கிளையில் மேலாளர் எதிரே உட்காருவது வேறு விஷயம். முதல் வங்கியில் "நீங்க எங்க சர்வீஸ் ஏரியா இல்லை" என்றார்கள். சர்வீஸ் ஏரியா வங்கிக்குப் போனால் பட்டா கேட்டார்கள். மஞ்சப்பையில் சான்றிதழ்களைப் போட்டுக்கொண்டு அப்பா போய் வந்த நடைக்குக் கணக்கில்லை. மூன்றாவது செமஸ்டரில் கடன் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு செமஸ்டர்களை ஓட்டியது ஊர்க்காரர் ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கிய பணம். படிப்புக்கு வங்கியில் வாங்கியதைத் தம்பி வேலைக்குப் போய் 2021 வரை அடைத்தான். மூன்று வட்டியை அப்பா முந்திரிக்காட்டுக் குத்தகையை விட்டு அடைத்தார். எந்தக் கல்விக் கடன் புள்ளிவிவரத்திலும் இந்த இரண்டாவது கடன் வராது.

இப்போது அனிதாவைப் பற்றிப் பேச வேண்டும். செந்துறைப் பக்கத்துக் குழுமூர். அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. மருத்துவக் கட்-ஆஃப் 200-க்கு 196.75. பழைய முறையில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதி. அரசுக் கல்லூரிக் கட்டணத்தை எப்படியாவது சமாளித்திருப்பார்கள், பட்டியல் சாதி மாணவி என்பதால் உதவித்தொகையும் உண்டு. அதாவது எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிய அத்தனை ஏற்பாடுகளும் அவருக்கு உதவும் நிலையில் இருந்தன. 2017-இல் நீட் வந்தது. அதில் அவர் எடுத்தது 720-க்கு 86. ஓராண்டு விலக்குக்கான அவசரச் சட்டம் பற்றிய பேச்சு ஆகஸ்ட் வரை இழுத்தது. உச்ச நீதிமன்றத்தில் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டு அவர் வாதாடினார். ஆகஸ்ட் 22 அன்று, நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று நீதிமன்றம் சொன்னது. செப்டம்பர் 1 அன்று அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த மரணத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் சொல்ல வருவது பணம் பற்றி மட்டும். படிப்பின் செலவு அதுவரை சேர்ந்த பிறகு வருவதாக இருந்தது. நீட் அந்தச் செலவைச் சேர்வதற்கு முன்னால் கொண்டுவந்து வைத்தது. கோச்சிங், விடுதி, தேர்ச்சி பெறாவிட்டால் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுவதற்கான சாப்பாட்டுச் செலவு, அந்த ஒரு வருடம் வேலைக்குப் போகாத இழப்பு. நம்மிடம் இருந்த எல்லா உதவித்தொகைகளும் கல்லூரியில் சேர்ந்ததற்கான சான்று கேட்பவை. போனஃபைட் இல்லாமல் ஒரு பைசா கிடைக்காது. வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குக் கொடுக்க அந்த அமைப்பிடம் படிவமே இல்லை. 2017 இறுதியில் தமிழக அரசு 412 இலவசப் பயிற்சி மையங்களை அறிவித்தது அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது அடைக்கத்தான்.

இன்னொன்றும் உண்டு. அனிதாவின் பெயரால் எழுந்த போராட்டங்கள்தான் 7.5 சதவீதத்துக்கான அரசியல் சூழலை உருவாக்கின. அந்த ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அனிதா பிளஸ் டூ படித்தது பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில். 7.5 சதவீதம் 2017-இலேயே இருந்திருந்தாலும் அவர் விண்ணப்பித்திருக்க முடியாது. மூட்டை தூக்குபவரின் மகள் தனியார் பள்ளியில் பிளஸ் டூ படித்தால் அந்தக் குடும்பம் எதையெல்லாம் விட்டுக்கொடுத்திருக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விட்டுக்கொடுத்தலே தகுதிக் குறைவாக மாறும் கோடு அது. கோட்டை எங்காவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. போட்ட கோட்டுக்கு வெளியே யார் நிற்கிறார் என்று பார்ப்பதும் வரலாறு எழுதுகிறவரின் வேலை.

2021-இல் 7.5 சதவீதம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் விரிந்தது. அவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணமும் கலந்தாய்வுக் கட்டணமும்கூட அரசே ஏற்கும் என்று செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கலந்தாய்வுக் கட்டணத்தைச் சேர்த்ததைப் பலர் கவனிக்கவில்லை. கைக்காசு தேவைப்படும் முதல் இடம் அதுதான் என்று தெரிந்த யாரோ ஒரு அதிகாரி அந்தக் கோப்பில் இருந்திருக்கிறார். 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இவை பட்டம் முடிக்கும்வரை மாதாமாதம் கணக்கில் விழும் பணம். பரோடாவின் பதினொன்றரை பவுண்டு போல. 2024 டிசம்பரில் புதுமைப் பெண் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் நீண்டது. 7.5 சதவீதம் அப்படி நீளவில்லை.

அரியலூரில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று, 150 இடங்கள். அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர். அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம் போக, மிச்சத்தில் 7.5 என்று சராசரிக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒன்பது பத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஒரு ரூபாய் கட்டாமல் சேரலாம்.

எங்கள் தெருவில் ஒரு பெண், பத்தாம் வகுப்பு வரை அரசு உதவிபெறும் பள்ளி, பிளஸ் டூ அரசுப் பள்ளி. சென்ற ஆடியில் ஊருக்குப் போயிருந்தபோது கேட்டாள், "அக்கா, எனக்கு ஏழரை வருமா?" வராது என்றேன். அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். புதுமைப் பெண் பணம் வருகிறது, அதில் மாதம் 500 ரூபாயைத் தொடாமல் வைத்திருக்கிறாளாம். எதற்கு என்று கேட்டேன். நீட் ஒரே ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும், கோச்சிங்குக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்றாள்.